யுஎஸ்பி–சீரியல் கேபிளுக்கு டிரைவர் தேடும் முன் சிப்பைக் கண்டுபிடியுங்கள்

கேள்வி இது: தக்கலைக்குப் பக்கத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் எடுக்கிற கடை. எலக்ட்ரானிக் தராசின் டிஸ்ப்ளே பெட்டியிலிருந்து யுஎஸ்பி–சீரியல் கேபிள் வழியாக எடை நேராகப் பில்லிங் மென்பொருளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டருக்குப் பதில் விண்டோஸ் 11 லேப்டாப் வந்ததும் அதே கேபிள் வேலை செய்யவில்லை. இணைத்த கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் நிற்கிறது. கேபிளோடு வந்த சிடியைப் போட லேப்டாப்பில் டிரைவே இல்லை. சரியான டிரைவரை எங்கே எடுப்பது, எப்படிப் போடுவது?

கேபிளின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரை வைத்துத் தேடாதீர்கள். அந்தப் பெயர் பெரும்பாலும் பொட்டலம் போட்டு விற்றவருடையது. டிரைவர் என்பது விண்டோஸ் கேபிளோடு பேச உதவும் சிறு மென்பொருள், அது கேபிளுக்குள் இருக்கும் சிப்புக்கு உரியது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரே கடையில், ஒரே நிறத்தில், ஒரே அட்டையில் வாங்கிய இரண்டு கேபிள்களுக்குள் இரண்டு வேறு சிப்புகள் இருக்கலாம். அதனால் "நீல நிற கேபிளுக்கு டிரைவர்" என்று தேடினால் கண்டதெல்லாம் வரும். "டிரைவர் அப்டேட்டர்", "ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்" என்று சொல்லும் தளங்களிலிருந்து எதையும் இறக்க வேண்டாம். பில்லும் கணக்கும் இருக்கும் கம்ப்யூட்டரில் அது தேவையில்லாத ஆபத்து.

சிப்பைக் கண்டுபிடிக்கக் கேபிளைப் பிரிக்க வேண்டாம். கேபிளை லேப்டாப்பில் செருகிவிட்டு, விண்டோஸ் பொத்தானோடு எக்ஸ் எழுத்தைச் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் முக்கோணம் இருக்கும் வரியில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ். அங்கே பிராப்பர்ட்டி என்ற கீழிறங்கு பட்டியலில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விஐடி_067பி&பிஐடி_2303 என்பதுபோல ஒரு வரி தெரியும். முதல் எண் சிப் செய்த நிறுவனம், இரண்டாவது எண் சிப்பின் வகை. இந்த இரண்டு எண்களைத் தாளில் எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

1ஏ86, 7523 என்றிருந்தால் அது சிஎச்340. சீனாவின் நான்ஜிங்கில் இருக்கும் டபிள்யூசிஎச் நிறுவனத்தின் சிப். குறைந்த விலைக் கேபிள்களில் அதிகம் காணப்படுவது இதுதான். 0403, 6001 என்றால் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்த எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி232. 10சி4, ஈஏ60 என்றால் அமெரிக்காவின் சிலிக்கான் லேப்ஸ் செய்த சிபி2102 குடும்பம். 067பி என்று தொடங்கினால் தைவானின் ப்ரோலிஃபிக். 2303 என்பது பழைய பிஎல்2303 வரிசை. அதே 067பி-யோடு 23ஏ3, 23பி3, 23சி3 போன்ற எண் வந்தால் அது புதிய ஜி வரிசை, அதற்குப் பழைய டிரைவர் எதுவும் பொருந்தாது.

விஐடி_0000&பிஐடி_0002 என்று வந்து, பெயர் "அன்நோன் யுஎஸ்பி டிவைஸ்" என்றும் பிழை எண் 43 என்றும் இருந்தால் டிரைவர் தேடுவதை அத்தோடு நிறுத்திவிடுங்கள். கேபிள் தன் பெயரையே லேப்டாப்புக்குச் சொல்ல முடியாத நிலை அது. உள்ளே வயர் அறுந்திருக்கும், சிப் போயிருக்கும், அல்லது இடையில் யுஎஸ்பி துளைகளைப் பெருக்க வைத்திருக்கும் ஹப் சரியில்லை. ஹப்பை எடுத்துவிட்டு லேப்டாப்பில் நேராகச் செருகிப் பாருங்கள், வேறு யுஎஸ்பி துளையிலும் பாருங்கள். அப்படியும் அதே எண் வந்தால் கேபிளை மாற்ற வேண்டியதுதான்.

டிரைவர் போடும் முறை சிப்பைப் பொறுத்தது. எஃப்டிடிஐ, சிலிக்கான் லேப்ஸ், சிஎச்340 மூன்றுக்கும் முதலில் இன்டர்நெட்டை இணைத்துவிட்டுக் கேபிளைச் செருகிச் சில நிமிடம் விடுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டும் பெரும்பாலும் தாமாகவே டிரைவரை எடுத்துக்கொள்ளும். வரவில்லை என்றால் விண்டோஸ் அப்டேட்டில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று போய் டிரைவர் பகுதியைப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் மட்டும் சிப் நிறுவனத்தின் சொந்தத் தளம். சிஎச்340-க்கு டபிள்யூசிஎச் தளத்தில் சிஎச்341எஸ்இஆர் என்ற கோப்பு. எண் 341 என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இரண்டுக்கும் அதே டிரைவர்தான். எஃப்டிடிஐ தளத்தில் விசிபி டிரைவர் என்ற பக்கம். சிலிக்கான் லேப்ஸில் சிபி210எக்ஸ் யூனிவர்சல் டிரைவர். அது அமைப்புக் கோப்பாக இல்லாமல் சுருக்கிய கோப்பாக வரும். விரித்து ஒரு ஃபோல்டரில் வைத்து, டிவைஸ் மேனேஜரில் வலது கிளிக், அப்டேட் டிரைவர், பிரவுஸ் மை கம்ப்யூட்டர் என்று அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும்.

எஃப்டிடிஐ சிப்பில் ஒரு பழைய வில்லங்கம் உண்டு. போலி எஃப்டி232 சிப்புகள் சந்தையில் பெருகியதால் 2014-இல் அந்நிறுவனம் விட்ட டிரைவர், போலியைக் கண்டால் அதன் பிஐடி எண்ணை 0000 என்று மாற்றி எழுதிவிட்டது. விண்டோஸ் அப்டேட் வழியாகவே அது பரவியது. எதிர்ப்பு வந்ததும் அந்த டிரைவர் விலக்கப்பட்டது. பழைய கேபிளில் 0403, 0000 என்று தெரிந்தால் காரணம் இதுதான். பின்னால் வந்த டிரைவர் எண்ணை மாற்றாமல், தரவுக்குப் பதிலாக "இது அசல் அல்ல" என்ற பொருளில் ஆங்கில வரியை அனுப்பத் தொடங்கியது. எடை வரவேண்டிய இடத்தில் அப்படி ஒரு வரி வந்தால் பில்லிங் மென்பொருளைக் குறை சொல்லாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்கு அதிகம் சந்தேகம் ப்ரோலிஃபிக் மேல்தான். விண்டோஸ் 7-இல் ஓடி 11-இல் நிற்பது அந்தச் சிப்பின் அடையாளம் என்றே சொல்லலாம். டிவைஸ் மேனேஜரில் பிழை எண் 10 என்று இருக்கும். பல நேரம் பெயரே மாறி, பிஎல்2303எச்எக்ஸ்ஏ 2012 முதல் நிறுத்தப்பட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளுங்கள் என்ற பொருளில் ஆங்கில வரி நிற்கும். பிஎல்2303டிஏ சிப்பாக இருந்தால் விண்டோஸ் 11-க்கு ஆதரவில்லை என்ற வரி வரும். கேபிள் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கெட்டிருக்காது. புதிய டிரைவர் சிப்பின் பதிப்பைச் சோதித்து, பழையதோ போலியோ என்று தெரிந்தால் வேலை செய்ய மறுக்கிறது. பிஎல்2303-ஐயும் நிறையப் பேர் போலி செய்து விற்றார்கள். அதைத் தடுக்கப் போட்ட பூட்டில் அசல் பழைய சிப் வைத்திருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். காசு கொடுத்து வாங்கியவர் மேல் இது விழுந்தது நியாயம் இல்லை என்பதே என் கருத்து.

இதற்கு வழி, பழைய டிரைவருக்குத் திரும்புவது. 2008, 2010 காலத்தில் வந்த 3.3.2.105, 3.3.11.152 ஆகிய பதிப்புகளில் இந்தச் சோதனை இல்லை. பழைய கம்ப்யூட்டர் இன்னும் இருந்தால் கேபிளோடு வந்த சிடியை அதில் போட்டு, உள்ளே இருப்பதைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இந்தக் காலத்து டிரைவர்தான் அதில் இருக்கும். லேப்டாப்பில் அதை நிறுவியபின் கேபிளைச் செருகினால் விண்டோஸ் மறுபடியும் புதியதையே எடுத்துக்கொள்ளும். அதனால் கையால் மாற்ற வேண்டும்: டிவைஸ் மேனேஜரில் வலது கிளிக், அப்டேட் டிரைவர், பிரவுஸ் மை கம்ப்யூட்டர், அதற்கடியில் "லெட் மீ பிக்" என்று தொடங்கும் வரி. இப்போது ப்ரோலிஃபிக் பெயரில் இரண்டு மூன்று பதிப்புகள் தேதியோடு தெரியும். பழைய தேதியுள்ளதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுங்கள். மஞ்சள் முக்கோணம் போய்விடும்.

வேறு யுஎஸ்பி துளையில் செருகினாலோ, பெரிய விண்டோஸ் அப்டேட் வந்தாலோ புதிய டிரைவர் திரும்ப வந்து உட்காரலாம். அப்போது இதே வேலையை மறுபடி செய்ய வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷனுக்குள் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டி இயங்கிக்கொண்டிருந்தால் பழைய டிரைவரை அது ஏற்றவே விடாமல் தடுக்கவும் கூடும். அதை அணைத்துவிட்டு ஓட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். ஒரு கேபிளின் விலைக்காகக் கடைக் கணக்கு இருக்கும் லேப்டாப்பின் பாதுகாப்பைக் குறைக்க வேண்டாம். பழைய டிரைவர் தங்கவில்லை என்றால் புதிய கேபிள் வாங்குவதே சரி.

டிரைவர் சரியாகிவிட்டால் டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் என்ற தலைப்பின்கீழ் காம்3, காம்7 என்று ஓர் எண்ணோடு பெயர் வரும். அந்த எண்ணையும் பார்க்க வேண்டும். பழைய பில்லிங் மென்பொருள்கள் பலவற்றில் காம்1 முதல் காம்4 வரை, அல்லது ஒற்றை இலக்க எண்கள் மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும். விண்டோஸ் காம்12 என்று கொடுத்திருந்தால் டிரைவர் எவ்வளவு சரியாக இருந்தாலும் எடை வராது. பிராப்பர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் காம் போர்ட் நம்பரை 3 அல்லது 4 என்று மாற்றுங்கள். "இன் யூஸ்" என்று காட்டினால், முன்பு செருகிய ஏதோ ஒரு கேபிளின் பெயரில் அந்த எண் பதிவாகியிருக்கிறது என்றே பெரும்பாலும் அர்த்தம். டிவைஸ் மேனேஜரின் வியூ பட்டியலில் ஷோ ஹிட்டன் டிவைசஸ் கொடுத்து, போர்ட்ஸின் கீழ் மங்கலாகத் தெரியும் பழைய பதிவுகளை அன்இன்ஸ்டால் செய்தால் எண் விடுபடும்.

எஃப்டிடிஐ சிப்புக்குள் பொதுவாகத் தனி வரிசை எண் இருப்பதால் எந்தத் துளையில் செருகினாலும் அதே காம் எண் கிடைக்கும். சிஎச்340-க்கும் பெரும்பாலான பிஎல்2303 கேபிள்களுக்கும் அது இல்லை, துளை மாறினால் காம் எண்ணும் மாறும். கேபிள் செருகும் துளைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, கடையில் நிற்கிற எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். "நேற்று வந்தது, இன்று வரவில்லை" என்ற புகாரில் பெரும்பகுதி இதனால்தான்.

இனி முக்கியமான சோதனை. எடை வராததற்கு டிரைவர் காரணமா, தராசுப் பக்கம் காரணமா என்று பிரித்துப் பார்க்காமல் மணிக்கணக்கில் டிரைவரையே மாற்றிக்கொண்டிருப்பவர்கள் அதிகம். தராசிலிருந்து கேபிளைக் கழற்றுங்கள். ஒன்பது பின் கனெக்டரில், ஊசிகள் உங்களைப் பார்க்கும்படியும் ஐந்து பின் வரிசை மேலே வரும்படியும் பிடித்தால், இடது ஓரம் 1, வலது ஓரம் 5. பின் 2-ஐயும் பின் 3-ஐயும் சிறிய வயர் துண்டால் ஒன்றாகத் தொடவையுங்கள். புட்டி என்ற இலவச மென்பொருளைத் திறந்து, சீரியல் என்று தேர்ந்தெடுத்து, காம் எண்ணையும் 9600 வேகத்தையும் கொடுங்கள். இடப்பக்கப் பட்டியலில் சீரியல் பகுதிக்குப் போய் ஃப்ளோ கண்ட்ரோலை நன் (எதுவும் இல்லை) என்று மாற்றுங்கள். திறந்து ஏதாவது தட்டினால், தட்டிய எழுத்து திரையில் வர வேண்டும். வயரை எடுத்ததும் வராமல் நிற்க வேண்டும். இரண்டும் நடந்தால் சிப், டிரைவர், காம் போர்ட் மூன்றும் சரி. இனி டிரைவரைத் தொடாதீர்கள், குறை பெரும்பாலும் தராசுப் பக்கம்.

கையில் ஓடிஜி வசதியுள்ள (யுஎஸ்பி கருவிகளை நேராகச் செருக முடிகிற) ஆண்ட்ராய்டு போன் இருந்தால், யுஎஸ்பி சீரியல் டெர்மினல் ஆப் ஒன்றைப் போட்டு இதே சோதனையைப் போனிலும் செய்யலாம். போனில் எழுத்து திரும்பி வந்து லேப்டாப்பில் வரவில்லை என்றால் கேபிள் நன்றாக இருக்கிறது, லேப்டாப்பின் டிரைவர்தான் சிக்கல் என்று உறுதியாகிவிடும்.

தராசுப் பக்கத்துக்கு மல்டிமீட்டர் வேண்டும். டிசி 20 வோல்ட் நிலையில் வைத்து, தராசு ஆன் ஆகியிருக்க, கேபிள் செருகாமல், அதன் கனெக்டரில் கருப்பு முனையைப் பின் 5-லும் சிவப்பு முனையைப் பின் 2, பின் 3 என்று மாற்றி மாற்றியும் வையுங்கள். எந்தப் பின்னில் மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை காட்டுகிறதோ அதுதான் தராசு பேசும் பின். அது உங்கள் கேபிளின் பின் 2-க்கு வந்து சேர வேண்டும், ஏனென்றால் கம்ப்யூட்டர் கேட்பது பின் 2-இல். தராசு பின் 3-இல் பேசினால் நேர் கேபிள் உதவாது. 2-ஐயும் 3-ஐயும் மாற்றிப் போட்ட நல் மோடம் அடாப்டர் ஒன்றை இடையில் வைக்க வேண்டும். சில தராசுகளில் ஒன்பது பின்னுக்குப் பதில் போன் வயர் போன்ற சிறு கனெக்டர் இருக்கும், அதற்கு வரிசை கையேட்டில்தான் இருக்கும்.

மைனஸ் எங்கும் வராமல் 3.3 அல்லது 5 வோல்ட் பிளஸ் காட்டினால் அது மைனஸ் வோல்ட்டும் பயன்படுத்தும் ஆர்எஸ்-232 முறை இல்லை, பிளஸ் வோல்ட்டில் மட்டும் பேசும் டிடிஎல் முறை. அதற்கு நான்கு வயர் தொங்கும் வேறு வகை அடாப்டர் வேண்டும். டிடிஎல் பின்னில் ஆர்எஸ்-232 கேபிளைச் செருகினால் தராசின் உள் சிப் எரிந்துபோக வாய்ப்பு உண்டு. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். கவனமாகக் கேட்டு வாங்குங்கள். பெட்டிக்குள்ளிருந்து வயர் எடுக்கலாம் என்று தராசைத் திறக்கவே வேண்டாம். வியாபாரத் தராசுக்குச் சட்டமுறை எடையளவு முத்திரை உண்டு. தொழிலாளர் துறை ஆய்வுக்கு வரும்போது முத்திரை உடைந்திருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

எழுத்து வருகிறது, ஆனால் குப்பையாக வருகிறது என்றால் வேகம் பொருந்தவில்லை. தராசுகளில் 9600 அதிகம், 1200, 2400, 4800 என்றும் இருக்கும். புட்டியில் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். சில இலக்கங்கள் மட்டும் சரியாகவும் மற்றவை விசித்திரமாகவும் வந்தால் டேட்டா பிட்ஸ் 7, பேரிட்டி ஈவன் என்று வைத்துப் பாருங்கள். எதுவுமே வரவில்லை என்றால் தராசு தொடர்ந்து அனுப்பும் நிலையில் இல்லாமல் பிரிண்ட் பொத்தான் அழுத்தினால் மட்டும் அனுப்பும் நிலையில் இருக்கலாம். புட்டியில் எடை தெரிந்த பிறகு அதை மூடிவிட்டுப் பில்லிங் மென்பொருளைத் திறக்க வேண்டும். ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் திறக்க முடியும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தபின் எடை நின்றுபோகிறது என்றால் பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த நான்கு சிப்புக்கும் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் போட வேண்டாம். பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழைந்தால் போதும். உபுண்டு 22.04-இல் மட்டும் சிஎச்340 கேபிள் தோன்றி உடனே மறைந்தால், பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவியின் பிஆர்எல்டிடிஒய் என்ற புரோகிராம் அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்கிறது. அந்தக் கருவி உங்களுக்குத் தேவையில்லை என்றால் அந்தப் புரோகிராமை நீக்கிவிடுங்கள்.

புதிதாக வாங்குவதானால் சிப்பின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எஃப்டிடிஐ சிப் என்று தெளிவாக எழுதி பில்லும் தருகிற கேபிள் விலை கூடுதலாக இருந்தாலும் பல வருடம் நிம்மதி. அவ்வளவு செலவு வேண்டாமென்றால் சிஎச்340 போதும், 9600 வேகத்துக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மிக மலிவான சிலவற்றில் மைனஸ் வோல்ட் உண்டாக்கும் பகுதியையே விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட கேபிள் மேலே சொன்ன 2–3 சோதனையில் தேறிவிடும், தராசோடு மட்டும் பேசாது. செருகிய கேபிளின் பின் 3-க்கும் 5-க்கும் இடையில் மைனஸ் 5 வோல்ட் அளவுக்கு வருகிறதா என்று கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்த்து வாங்கலாம்.

நம் மாவட்டத்தில் இரண்டு பருவ மழையும் உண்டு, ஐப்பசி மழைக்கு இடியும் சேர்ந்தே வரும். தராசுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நீண்ட சீரியல் வயர் ஓடினால், மின்னல் நேரத்தில் அதில் ஏறும் அலை முதலில் கேபிளின் சிப்பையும் சில நேரம் லேப்டாப்பின் யுஎஸ்பி துளையையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஆர்எஸ்-232 வயரைப் பதினைந்து மீட்டருக்குள் வையுங்கள், தராசையும் லேப்டாப்பின் சார்ஜரையும் எர்த் சரியாக உள்ள ஒரே போர்டிலிருந்து எடுங்கள், இடி தொடங்கினால் யுஎஸ்பி முனையைக் கழற்றிவிடுங்கள். தூரம் கூடித்தான் ஆகவேண்டும் என்றால் ஐசொலேட்டட் (இரண்டு பக்கத்துக்கும் நேரடி மின் தொடர்பு இல்லாதது) என்று எழுதிய அடாப்டர் வாங்குங்கள். குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் என்று கடலோரத்தில் மீன் எடைக்கு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு: உப்புக் காற்றில் ஒன்பது பின் கனெக்டரில் பச்சை பூத்துவிடும். மாதம் ஒருமுறை கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்தபின் செருகி, இரண்டு பக்கத் திருகையும் கையால் முறுக்கி வையுங்கள்.